பத்தே பேரை வைத்து முடிவு சொல்லலாமா? பீர் ஆலையில் பிறந்த கணக்கு!

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால் சரி. அடியில் குழைந்து, மேலே அரைவேக்காடாக இருந்தால்? அந்த ஒரு பருக்கை நம்மை ஏமாற்றிவிடும்.

டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் 1899-ல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் சீலி காசெட்டுக்கும் இதே சிக்கல்தான். எந்த பார்லி சிறந்தது என்று சொல்ல, அவர் கையில் இருந்தவை சில மாதிரிகள் மட்டுமே. அன்றைய புள்ளியியல் கணக்குகளுக்கோ ஏராளமான மாதிரிகள் தேவைப்பட்டன.

1908-ல் தீர்வை வெளியிட்டார் காசெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட ஆலை அனுமதிக்கவில்லை. அதனால் 'ஸ்டூடண்ட்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். இன்றும் அதன் பெயர் 'ஸ்டூடண்ட் டி-சோதனை'தான்.

கணக்கு என்ன?

இரண்டு சராசரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஆள் உள்ள ஏற்ற இறக்கத்தோடு அதை ஒப்பிட வேண்டும். மாதிரி குறையக் குறைய, வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தால்தான் நம்பலாம்.

காசெட் காட்டிய உதாரணம் இது. 10 நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகள் தரப்பட்டன. முதல் மருந்தில் சராசரியாக 0.75 மணி நேரமும், இரண்டாவதில் 2.33 மணி நேரமும் கூடுதலாகத் தூங்கினார்கள்.

இவர்களை இரண்டு தனித்தனிக் குழுக்களாக நினைத்துக் கணக்குப் போட்டால் தெளிவான பதில் இல்லை. மருந்துகளுக்குள் வித்தியாசமே இல்லாவிட்டாலும், இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வர 100-க்கு 8 வாய்ப்பு இருக்கிறது.

ஆனால், இரண்டு மருந்தையும் சாப்பிட்டது அதே 10 பேர். ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டால், 9 பேருக்கு இரண்டாவது மருந்தில்தான் அதிகத் தூக்கம். ஒருவருக்கு இரண்டும் சமம். இப்போது தற்செயலுக்கான வாய்ப்பு 1,000-க்கு 3 மட்டுமே!

அதே எண்கள்தான். ஒப்பிட்ட விதம் மாறியதும் சந்தேகம் விலகிவிட்டது.

அடுத்த முறை, 'பயன்படுத்தியவர்களுக்குச் சராசரியாக இவ்வளவு பலன்' என்று விளம்பரம் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? ஆளுக்கு ஆள் பலன் எவ்வளவு மாறியது? யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்? பதில் இல்லை என்றால், அந்தச் சராசரியை நம்பிப் பர்ஸைத் திறக்க வேண்டாம்.