புல்லு வெட்டியும் கன்று எழும்பவில்லையா? வேரைப் பாருங்கள்



லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "ஐயா, புல்லு வெட்டி வெட்டிக் கை ஓஞ்சு போச்சு. பசளையும் போட்டோம். கன்று எழும்பல்ல, புல்லுதான் நிக்குது."

எங்கள் கல்முனைப் பக்கமும் இதே கதைதான். அங்கே கரையோரம் மணல் மண். என் ராத்தா (அக்கா) வளவில் கொச்சிக்காய்க் கன்று வைத்தார். மூன்று தரம் களை பிடுங்கியும் கோரை மேலே வந்தது. கன்றுகள் மஞ்சளாகி, நடுப்பகலில் வாடின. "ஒழுங்காப் பார்க்கல்ல" என்று பக்கத்து வீட்டார் பேசினார்கள். ஒரு கன்றைக் கிண்டி எடுத்துப் பார்த்தோம். வேரெல்லாம் முடிச்சு!

இது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை. ஒரு மில்லிமீற்றரை விடச் சிறிய இந்தப் புழு வேருக்குள் புகுந்து இருந்துவிடும். ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மணல் மண் இதற்கு நல்ல வசதி.

புல்லு ஏன் ஜெயிக்கிறது?

முடிச்சு விழுந்த வேர் தண்ணீரையும் பசளையையும் சரியாக உறிஞ்சாது. நாம் போட்ட பசளை புல்லுக்குப் போய்ச் சேரும். கோரையின் வேரிலும் இதே புழு இருக்கும். ஆனால் கோரை அதைத் தாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மிளகாய் வயல்களில் ஆராய்ந்தவர்கள், கோரைக் கிழங்குக்குள் ஒளிந்த புழு மண்ணுக்கு இடும் மருந்துக்கும் தப்புவதைக் கண்டார்கள். புழு கன்றைத் தளர்த்துகிறது. கோரை புழுவைக் காப்பாற்றுகிறது.

என்ன செய்யலாம்?

1. வாடிய கன்றைப் பிடுங்காமல், கிண்டி எடுத்து வேரைப் பாருங்கள். போஞ்சி, பயற்றை வேரில் விரலால் தேய்த்தால் கழரும் முடிச்சு நல்லது, அது வேறு.

2. கோரையை மேலே மட்டும் வெட்டாதீர்கள். கிழங்கோடு கிண்டி எடுத்து, காயவைத்து எரியுங்கள்.

3. வெயில் காலத்தில் மண்ணை இரண்டு மூன்று தரம் புரட்டிக் காயவிடுங்கள்.

4. கொச்சிக்காய் வைத்த இடத்தில் உடனே தக்காளி, கத்தரி, வெண்டி வைக்காதீர்கள். கரையோரத்தில் கச்சான் போடலாம். அதில் இந்தப் புழு அவ்வளவாகப் பெருகாது.

5. முடிச்சு உள்ள இடத்து நாற்றையோ மண்ணையோ வேறு பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இது நமக்குப் புதிதல்ல. மலையில் தேயிலை வேரைத் தின்னும் வட்டப்புழு ஒன்று உண்டு. பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மறுபடி நடுமுன் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்க்கிறோமே, மண்ணைத் தேற்றுவதோடு அந்தப் புழுவைக் குறைப்பதும் அதன் நோக்கம்.

ஆகவே, பாத்தியில் புல்லு மண்டினால் வீட்டுக்காரியைக் குறை சொல்லுமுன் ஒரு வேரைக் கழுவிப் பாருங்கள்.