பேக்கரியில் லாபம் எங்கே இருக்கிறது?

பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு சிறிய பேக்கரி. கண்ணாடிப் பெட்டிக்குள் கேக்கும் பன்னும் பப்ஸும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மாலையில் நல்ல கூட்டம். கல்லாவில் பணம் விழுந்துகொண்டே இருக்கிறது. பார்ப்பவர்கள், "இந்தக் கடைக்கு என்ன குறை? நல்ல வருமானம்!" என்கிறார்கள்.

ஆனால் மாதக் கடைசியில் மைதாக் கடைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. வாடகை இரண்டு மாதம் பாக்கி. கடையை நடத்தும் கணவனுக்கும் மனைவிக்கும் ஒன்றும் புரியவில்லை.

"என்னங்க, தினமும் வியாபாரம் நடக்குது. பணம் மட்டும் எங்கே போகுது?" என்று கேட்கிறார் மனைவி.

இது ஒரு கற்பனைக் கடைதான். ஆனால் இப்படிப்பட்ட கடைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. கேக் சுவையாக இருந்தால் மட்டும் லாபம் வந்துவிடாது. அப்படியானால் லாபம் எங்கே இருக்கிறது?

தலச்சேரியில் ஒரு கேக்

முதலில் ஒரு பழைய செய்தி. கேரளத்தில் தலச்சேரி என்று ஒரு கடற்கரை ஊர் உண்டு. அங்கே மாம்பள்ளி பாபு என்பவர் 1880 இல் ஒரு பிஸ்கட் கடை தொடங்கினார். அவர் பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றவர்.

1883 இல் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் அவரிடம் வந்தார். பிரவுன் அருகில் ஒரு பட்டைத் தோட்டத்தின் உரிமையாளர். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் காட்டி, "இதுபோல் செய்ய முடியுமா?" என்று கேட்டார். பாபு அதற்கு முன் கேக் செய்தது இல்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

கேக் அச்சு ஊரில் கிடைக்கவில்லை. உள்ளூர்க் கொல்லரிடம் சொல்லி ஓர் அச்சு செய்து வாங்கினார். கேக்கில் சேர்க்க பிராந்தி வாங்கும்படி பிரவுன் சொல்லியிருந்தார். பாபு அதற்குப் பதிலாக முந்திரிப் பழம், வாழைப்பழம் முதலியவற்றிலிருந்து உள்ளூரில் தயாரித்த சாற்றைச் சேர்த்தார் என்று சொல்லப்படுகிறது. கேக் தயாரானது. பிரவுன் சுவைத்துப் பார்த்து மகிழ்ந்தார். உடனே இன்னும் 12 கேக் வேண்டும் என்று சொன்னார். இந்தியாவில் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் இதுதான் என்று பலரும் கூறுவார்கள்.

இந்தச் செய்தியில் கடை வைப்பவருக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன. பாபு முதலில் ஒரே ஒரு கேக் செய்து காட்டினார். கையில் கிடைத்த பொருளைப் பயன்படுத்தினார். கேட்டவர் "வேண்டும்" என்று சொன்ன பிறகுதான் 12 கேக் செய்தார்.

யாருக்காகக் கடை?

கடை தொடங்கும் முன் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். யார் வாங்குவார்கள்? பள்ளிப் பிள்ளைகளா? பேருந்துக்குக் காத்திருப்பவர்களா? ஆலைத் தொழிலாளர்களா? அவர்கள் கையில் எவ்வளவு பணம் இருக்கும்? எந்த நேரத்தில் வருவார்கள்?

கர்நாடகத்தில் பல ஊர்களில் 'ஐயங்கார் பேக்கரி' என்ற பெயர்ப் பலகையைக் காணலாம். இந்தத் தொழிலில் இறங்கிய பலர் ஹாசன் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். முட்டை சாப்பிடாதவர்களும் பேக்கரிப் பண்டங்களை விரும்புவார்கள் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். முட்டை சேர்க்காத கேக், பன், காரம் போட்ட ரொட்டி ஆகியவற்றைச் செய்தார்கள். தம்மிடம் வரும் மக்களை அறிந்து பண்டம் செய்ததால் பெயர் பெற்றார்கள்.

தொடக்கத்தில் 20 வகைப் பண்டம் தேவையில்லை. நான்கு வகை போதும். அந்த நான்கும் தினமும் ஒரே சுவையில் இருக்க வேண்டும். வகை கூடினால் மிச்சமும் கூடும்.

ஒரு பப்ஸுக்கு என்ன செலவு?

இப்போது பேருந்து நிலையத்துக் கடைக்குத் திரும்பிப் போவோம். அங்கே தினமும் 40 காய்கறி பப்ஸ் செய்கிறார்கள். விலை 15 ரூபாய். செலவு எவ்வளவு? பொருள்களின் விலை ஊருக்கு ஊர் மாறும். இங்கே கணக்குப் போடும் முறையைத்தான் பார்க்க வேண்டும்.

மைதா 1 கிலோ: 45 ரூபாய்
மார்கரின் 600 கிராம்: 110 ரூபாய்
உருளைக்கிழங்கு, வெங்காயம், மசாலா: 95 ரூபாய்
எண்ணெய், உப்பு: 20 ரூபாய்
அடுப்புச் செலவு: 50 ரூபாய்
காகிதம், பை: 20 ரூபாய்

மொத்தம் 340 ரூபாய். 40 பப்ஸுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு எட்டரை ரூபாய். "எட்டரை ரூபாய்ப் பண்டம் 15 ரூபாய்க்கு விற்கிறது. ஆறரை ரூபாய் லாபம்!" என்று கணவன் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் இரண்டு செலவுகளை மறந்துவிட்டார். கணவனும் மனைவியும் விடியற்காலை எழுந்து மாவு பிசைகிறார்கள். அந்த உழைப்புக்குக் கூலி உண்டு அல்லவா? வேறு கடையில் வேலை செய்தால் சம்பளம் கிடைக்குமே! பப்ஸுக்கான வேலைக்கு 100 ரூபாய் வைக்கலாம். கடை வாடகையில் பப்ஸின் பங்கு 40 ரூபாய் வைக்கலாம்.

340 உடன் 140 சேர்த்தால் 480 ரூபாய். அதாவது ஒரு பப்ஸுக்கு 12 ரூபாய் செலவு. உண்மையான லாபம் ஒன்றுக்கு 3 ரூபாய்தான். நாற்பதும் விற்றால் 600 ரூபாய் வரும். செலவு போக 120 ரூபாய் மிஞ்சும்.

எட்டு பப்ஸ் மிஞ்சினால்?

ஆனால் நாற்பதும் தினமும் விற்பதில்லை. பல நாள்களில் 32 தான் விற்கின்றன. 8 மிஞ்சிவிடுகின்றன.

32 பப்ஸ் விற்றால் வரவு 480 ரூபாய். செலவும் 480 ரூபாய். லாபம் ஒன்றும் இல்லை. ஒன்பதாவது பப்ஸும் மிஞ்சினால் நஷ்டம் தொடங்கிவிடும்.

பணம் எங்கே போனது என்பது இப்போது தெரிகிறது. அது கண்ணாடிப் பெட்டியில் விற்காமல் கிடந்த எட்டு பப்ஸில் இருக்கிறது.

அவர்கள் 32 பப்ஸ் மட்டும் செய்தால் என்ன ஆகும்? அடுப்புச் செலவும் கூலியும் வாடகையும் குறையாது என்றே வைத்துக்கொள்வோம். அவை 190 ரூபாய். மற்றப் பொருள்களுக்கு 232 ரூபாய் ஆகும். மொத்தச் செலவு 422 ரூபாய். வரவு 480 ரூபாய். லாபம் 58 ரூபாய்.

முன்பும் 32 தான் விற்றது. இப்போதும் 32 தான் விற்கிறது. முன்பு லாபம் இல்லை. இப்போது 58 ரூபாய் லாபம். குறைவாகச் செய்ததால் லாபம் வந்தது!

நோட்டும் பேனாவும்

எந்த நாளில் எவ்வளவு செய்வது? இதை ஊகத்தில் முடிவு செய்யக்கூடாது. ஒரு நோட்டு வேண்டும். கடை மூடும்போது மூன்று எண்களை எழுதினால் போதும்.

திங்கள்: செய்தது 40, விற்றது 31, மிஞ்சியது 9.
செவ்வாய்: செய்தது 40, விற்றது 32, மிஞ்சியது 8.
வியாழன், சந்தை நாள்: செய்தது 40, விற்றது 40. மாலை 5 மணிக்கே தீர்ந்தது.

நான்கு வாரம் இப்படி எழுதினால் உண்மை தெரிந்துவிடும். சந்தை நாளில் 50 செய்யலாம். திங்கட்கிழமை 30 போதும். பள்ளி விடுமுறையில் இன்னும் குறைக்கலாம். எல்லாவற்றையும் காலையிலேயே சுட வேண்டாம். பாதியைக் காலையில் சுடலாம். விற்பனையைப் பார்த்து மீதியைப் பிற்பகலில் சுடலாம். வாங்குபவருக்கும் சூடாகக் கிடைக்கும்.

பிறந்தநாள் கேக்கை முன்பணம் வாங்கிக்கொண்டு செய்வது நல்லது. பெயர், எடை, நாள், நேரம், வாங்கிய முன்பணம் ஆகியவற்றை அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். கேக்கின் மேல் எழுத வேண்டிய பெயரை வாங்குபவரையே எழுதித் தரச் சொல்லலாம். ஓர் எழுத்து தவறினாலும் கேக் திரும்பி வந்துவிடும்.

மிஞ்சிய ரொட்டி கெடாமல் இருந்தால் அதைத் துண்டு போட்டு மறுபடி சுட்டு ரஸ்க் ஆக்கலாம். கிரீம் கேக்கை அப்படிச் செய்ய முடியாது. அதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நாள் கடந்தால் எறிந்துவிட வேண்டும். கெட்ட பண்டத்தை விற்றால் அன்றைக்கு 30 ரூபாய் கிடைக்கலாம். ஆனால் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்தத் தெருவே கடைப்பக்கம் வராது.

கல்லாப் பெட்டி வேறு, வீட்டுப் பெட்டி வேறு

பல கடைகளில் இன்னொரு ஓட்டையும் உண்டு. காய்கறி வாங்கக் கல்லாவில் பணம் எடுப்பார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கும் எடுப்பார்கள். எதையும் எழுதுவதில்லை. கடைசியில் மைதா வாங்கப் பணம் இருக்காது.

கடை நடத்துபவர் தமக்கு மாதம் இவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்ய வேண்டும். அதை மட்டுமே வீட்டுக்கு எடுக்க வேண்டும். மீதிப் பணம் கடையின் முதல். அதைத் தொடக்கூடாது.

'கடன் அன்பை முறிக்கும்' என்று பல கடைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடன் கடையையும் முறிக்கும். தெரிந்தவருக்குக் கடன் கொடுக்க நேர்ந்தால் நோட்டில் எழுதி அவரிடமும் காட்ட வேண்டும். அப்போது மனக்கசப்பு வராது.

பயிற்சியும் பணமும்

பெரிய ஓவனை வாங்கிக் கடனில் சிக்கியவர்கள் உண்டு. வீட்டில் சிறிய ஓவனில் செய்து, அக்கம்பக்கத்தில் விற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு கடை பிடிப்பது நல்லது.

தொழில் கற்க ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் பல மாவட்டங்களில் உள்ளன. வங்கிகள் இவற்றை நடத்துகின்றன. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. இவற்றுக்கு முன்னோடியான நிலையம் 1982 இல் கர்நாடகத்தின் உஜிரே என்ற ஊரில் தொடங்கியது. பேக்கரிப் பயிற்சி எப்போது நடக்கும் என்று அருகிலுள்ள நிலையத்தில் கேட்டு அறியலாம்.

சிறு தொழிலுக்கு முத்ரா கடன் திட்டம் 2015 இல் வந்தது. இதன் முதல் பிரிவுக்குச் 'சிசு' என்று பெயர். இதில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கடன் கேட்கலாம். இதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்தான். மாதத் தவணையையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 இல் இயற்றப்பட்டது. பதிவோ உரிமமோ இல்லாமல் உணவுக் கடை நடத்தக்கூடாது. சிறு கடைகளுக்குப் பதிவு போதும். வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவரும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு 14 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். சான்றிதழைக் கடையில் அனைவரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும்.

ரொட்டி மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட் என்ற ரசாயனத்தை 2016 இல் அரசு தடை செய்தது. மார்கரினிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு என்ற தீய கொழுப்பு இருக்கலாம். அது இதயத்தைக் கெடுக்கும். 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இது 100 இல் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. ஆகவே பெயரும் விவரமும் இல்லாத கொழுப்பை, விலை குறைவு என்று வாங்கக்கூடாது. பொட்டலத்தில் உள்ளதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

மறுபடியும் அந்தக் கடை

கணவனும் மனைவியும் ஒரு நோட்டு வாங்கினார்கள். மனைவி தினமும் எழுதினார். கணவன் வாரம் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பப்ஸைக் குறைத்தார்கள். சந்தை நாளில் கூட்டினார்கள். பாக்கி வாடகை மெல்ல மெல்ல அடைந்தது. அடுப்பு அதேதான். கைப்பக்குவமும் அதேதான். எழுதும் பழக்கம் மட்டும் புதிதாக வந்தது.

நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கடையில் தினமும் 50 பன் செய்கிறார்கள். கூலி, வாடகை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 320 ரூபாய். ஒரு பன்னின் விலை 8 ரூபாய். எத்தனை பன் மிஞ்சினால் லாபம் இல்லாமல் போகும்?

விடை: 10 பன்.