இழுவை யந்திரம் மறைந்த கதை

லண்டன் மாநகரின் தெருக்களுக்கு அடியில், மேற்கே ஷெப்பர்ட்ஸ் புஷ் முதல் வர்த்தக மையத்திலுள்ள பாங்க் வரையில், களிமண்ணைக் குடைந்து பதித்த இரும்புக் குழாய்களினுள்ளே 1900ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஓடத் தொடங்கிய சென்ட்ரல் லண்டன் ரயிலில், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் கட்டணம் இரண்டே பென்ஸ் என்று விதித்திருந்தபடியால், ஜனங்கள் அதற்கு 'இரண்டு பென்ஸ் குழாய்' என்றே செல்லப்பெயர் சூட்டிவிட்டனர். நீராவி எஞ்சின் கக்கும் புகைக்கு அக்குறுகிய குழாயில் போக்கிடம் இல்லையாதலால், வண்டிகளை இழுக்க மின்சார எஞ்சின்களையே தருவித்திருந்தார்கள். புகைத் தொல்லை ஒழிந்தது. ஆனால் தெருவாசிகளின் நிம்மதியும் கூடவே ஒழிந்தது.

ஏறத்தாழ 44 டன் எடையுள்ள அந்த எஞ்சினில், பற்சக்கரங்களின் துணையின்றி மோட்டார்களைச் சக்கர அச்சுகளின் மீதே நேராகப் பொருத்தியிருந்தமையால், ஸ்பிரிங்குகள் தாங்கிக்கொள்ள வேண்டிய பாரத்தில் பெரும்பகுதி தண்டவாளத்தின்மேல் நேரே மோதி, அதனால் எழுந்த அதிர்ச்சி மண்ணை ஊடுருவி மேலே கட்டடங்களை எட்டிற்று. வண்டி கடக்கும்போதெல்லாம் நேர்கோடு போட முடியவில்லை என்று சீப்சைடு வீதியில் வரைபடம் எழுதுவோர் முறையிட்டனர். வானத்தின் நீலத்துக்குக் காரணம் கூறிய ராலே பிரபுவே விசாரணைக் குழுவில் அங்கம் வகிக்க நேர்ந்ததென்றால், விவகாரம் எவ்வளவு முற்றியிருந்தது என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

பரிகாரம் அமெரிக்காவிலிருந்து வந்தது. மின்தூக்கிகளை இயக்கிப் பழகிய பிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியியல் நிபுணர், தனி எஞ்சினை அறவே நீக்கிவிட்டு, பிரயாணிகளின் வண்டிகளிலேயே மோட்டார்களைப் பகிர்ந்து வைக்கும் உபாயத்தைச் சிகாகோவில் முன்னரே நிரூபித்திருந்தார். முகப்பில் நிற்கும் சாரதி கைப்பிடியைத் திருப்பியதும், தொடர் நெடுகிலும் ஓடும் மெல்லிய கம்பிகளின் வழியே சிறு மின்னோட்டம் பாய்ந்து, பின்கோடி வண்டியின் விசைகளையும் அதே கணத்தில் இயக்கிவிடும். மோட்டார்களுக்கு வேண்டிய பெருமின்சாரம் சாரதியின் கையருகே வரவே வேண்டியதில்லை. பாரம் பல அச்சுகளுக்குப் பரவிற்று. கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுசெல்லும் வேலையும் மிச்சமாயிற்று. 1903ஆம் ஆண்டிலேயே எஞ்சின்கள் இப்பாதையிலிருந்து விடைபெற்றன.

ஆயினும் சாரதிக்குப் பின்னால் மின்கருவிகள் ஓர் அறையை அடைத்துக்கொண்டு, உட்காருவோரின் இடத்தை அபகரித்தே வந்தன. லண்டன் குழாய் ரயில்களில் அவை தரைக்கடியில் ஒளிந்துகொண்டது 1938ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில்தான். இப்பாதையில் ஓடும், அலுமினியத்தால் ஆன 1992ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில், யந்திரம் என ஒன்று இருப்பதே பிரயாணிகளின் நினைவுக்கு வருவதில்லை. 2003 ஜனவரியில் சான்சரி லேன் நிலையத்தருகே அத்தகைய மோட்டார் ஒன்று கழன்று விழ, வண்டி தடம் புரண்டு, பாதை முழுவதையும் பல வாரங்கள் மூடிவைக்க நேர்ந்தபோது எல்லோருக்கும் நினைவு வந்தது.