நடக்காமல் போன விசாரணை

1865 மே மாதம் ஜார்ஜியாவில் ஜெஃபர்சன் டேவிஸ் பிடிபட்டார். அமெரிக்காவை விட்டுப் பிரிந்த 11 தென் மாநிலங்களுக்குத் தலைவராக இருந்தவர். அடிமை முறையைக் காக்க அவர்கள் தொடுத்த போரில் 6 லட்சம் பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். அவர்மீது தேசத்துரோக வழக்கு பதிவானது. தண்டனை உறுதி என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் ஒரு நாட்டுக்குத் துரோகம் செய்ய, முதலில் அந்த நாட்டுக்குக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டுமே! டேவிஸின் மிசிசிப்பி 1861 ஜனவரியில் பிரிந்தது. அது செல்லுமென்றால் அன்றிலிருந்து அவர் அந்நியர், துரோகியாக முடியாது. மாநிலம் விலகினால் குடியுரிமையும் கூடவே போய்விடுமா? அரசமைப்புச் சட்டத்தைப் புரட்டினால் யார் குடிமகன் என்ற வரையறையே இல்லை. இருந்ததெல்லாம் 1857-இன் டிரெட் ஸ்காட் தீர்ப்புதான். அந்த மண்ணிலேயே பிறந்து உழைத்த கறுப்பின மக்கள் குடிமக்களாகவே முடியாது என்ற கொடிய தீர்ப்பு அது.

விசாரணையோ பிரிந்துபோன மாநிலங்களில் ஒன்றான விர்ஜீனியாவின் ரிச்மண்டில் நடக்க வேண்டும். ஜூரிகளில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் போதும், களத்தில் வென்றது நீதிமன்றத்தில் கைநழுவும். அரசு தயங்கித் தயங்கி நாளைக் கடத்தியது.

இதற்கிடையே 1868 ஜூலையில் 14-ஆம் திருத்தம் வந்தது. அமெரிக்காவில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் நாட்டின் குடிமக்கள், வசிக்கும் மாநிலத்துக்கும் குடிமக்கள் என்றது. நாடு முதலில், மாநிலம் அடுத்து: இந்த வரிசைதான் பெரிய மாற்றம். விடுதலை பெற்ற சுமார் 40 லட்சம் அடிமைகளின் குடியுரிமையை இனி எந்த மாநிலமும் பறிக்க முடியாது. ஆனால் பூர்வகுடிகள் எல்லாருக்கும் குடியுரிமை கிடைக்க 1924 ஆயிற்று.

அதே திருத்தம், அரசமைப்புச் சட்டத்தைக் காப்பதாக உறுதியேற்றுப் பின்பு கிளர்ச்சி செய்தவர்கள் பதவி வகிக்கத் தடை போட்டது. அதுவே தண்டனை, ஒரே குற்றத்துக்கு இன்னொன்று கூடாது என்று டேவிஸின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். தலைமை நீதிபதி சேஸ் ஏற்றார், உடனிருந்த நீதிபதி மறுத்தார். அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் அதிபர் ஜான்சன் பொதுமன்னிப்பு வழங்கவே வழக்கு முடிந்தது.

பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு 1869-இல் டெக்சாஸின் கடன்பத்திரங்கள் தொடர்பான ஒரு வழக்கில் வந்தது. எழுதியவர் அதே சேஸ். பிரிந்துவிட்டதாகச் சொன்ன காலம் முழுவதும் அம்மாநில மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே இருந்தார்கள் என்றார். அந்தக் கணக்குப்படி டேவிஸும் ஒருநாள்கூட அந்நியராக இருந்ததில்லை.