‘எடுத்து வளர்த்தாங்களே, அது போதாதா?’ தத்துப் பிள்ளை வளர்ந்த பிறகு கவுன்சலருக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

“உங்க குடும்பத்துல யாருக்காவது இனிப்பு நீர், நெஞ்சு வலி இருக்கா?” கிளினிக்கில் டாக்டர் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி இது. தத்தெடுத்து வளர்க்கப்பட்ட பலருக்கு இதற்குப் பதில் தெரியாது. முப்பது வயதில் கல்யாணப் பதிவுக்குப் பத்திரம் தேடும்போதோ, அப்பாவின் சாவு வீட்டில் உறவுக்காரர் வாய்தவறிச் சொல்லும்போதோதான் விஷயமே தெரிய வந்தவர்களும் உண்டு.

தத்தெடுப்பு என்றாலே நம் மனதில் வருவது கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்கு நாற்பது வயதாகும்போது யாரிடம் போய்ப் பேசுவது? ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ ஒரு கவுன்சலரிடம் போனால், அவருக்கு இதைக் கையாளத் தெரியுமா?

மறைக்க முடிந்தவர்கள், முடியாதவர்கள்

ஜொகூரின் தோட்டங்களில் பிள்ளை கைமாறுவது புதுசு இல்லை. குழந்தை இல்லாத அக்காவுக்குத் தங்கை தன் பிள்ளையைக் கொடுப்பது, தாய் இறந்துபோன பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வளர்ப்பது எல்லாம் நடந்ததுதான். பல நேரங்களில் ஒரு தாள்கூட இருக்காது.

இன்னொரு கதையும் உண்டு. ஜப்பான்காரன் காலத்திலும் அதன் பிறகும் வறுமையால் பல சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைக் கொடுத்துவிட்டன. புலி ஆண்டில் பிறந்த பெண் ஆகாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. 1950 அப்படி ஒரு புலி ஆண்டு. அவர்களில் பலர் தமிழ் வீடுகளில் வளர்ந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் இதே நிலைதான். அங்கு வளர்ந்தவர்களைப் பற்றி தெரசா தேவசகாயம் ‘லிட்டில் டிராப்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

சேலை கட்டி, பொங்கல் வைத்து, தமிழிலேயே சண்டை போடும் அந்தச் சீன முகத்துப் பாட்டிகளிடம் யாரும் உண்மையை மறைக்க முடியவில்லை. முகமே சொல்லிவிட்டது. ஒரே இனத்துக்குள் தத்துப் போனவர்களுக்கோ உண்மை ஆயுள் முழுக்க மறைக்கப்படலாம். இந்த இரண்டு பேருக்கும் ஒரே ஆறுதல் வார்த்தை பொருந்தாது.

பத்திரம் என்ன சொல்கிறது?

கவுன்சலருக்குக் கொஞ்சம் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மலேசியாவில் இதற்கு இரண்டு வழி. 1952-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 257, நீதிமன்றம் வழியாகப் போவது, முஸ்லிம் அல்லாதவர்களுக்கானது. அதே ஆண்டின் சட்டம் 253 தேசியப் பதிவுத் துறையில் பதிவு செய்வது. முதல் வழியில் வந்த பிள்ளைக்கு வளர்த்தவர்களின் சொத்தில் வாரிசு உரிமை உண்டு. இரண்டாவதில் பதிவு மட்டும் அந்த உரிமையைத் தராது. சாவு வீட்டில் கொள்ளி வைத்த மகனுக்கு, உயில் இல்லாத நிலையில், வீட்டில் பங்கில்லை என்று தெரிய வந்தால் அது வெறும் சட்டப் பிரச்சினையா என்ன?

நீதிமன்ற வழியில் இப்போது கிடைக்கும் புதிய பிறப்புப் பத்திரத்தில் வளர்த்தவர்களே பெற்றோர். பழைய பதிவையும் புதிய பதிவையும் இணைக்கும் ஏடுகள் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் திறக்காது. நம் சட்டத்துக்கு முன்மாதிரியான இங்கிலாந்தில் 1975-இல் நிறைவேறிய சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. 18 வயதானவர் தன் முதல் பிறப்புப் பதிவைக் கேட்கலாம். ஆனால், அதற்கு முன் தத்துப் போனவர்கள் முதலில் ஒரு கவுன்சலரைப் பார்த்தே ஆக வேண்டும். பிறந்தபோது வைத்த பெயரை ஒருவர் முதல்முறை படிக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கணும் என்று அரசே நினைத்தது.

அப்படி என்ன தனிப் பயிற்சி?

அமெரிக்காவில் ‘கேஸ்’ என்று அழைக்கப்படும் தத்தெடுப்பு ஆதரவு மையம் ஏற்கெனவே தகுதி பெற்ற சிகிச்சையாளர்களுக்காக 72 மணி நேரப் பயிற்சி ஒன்றை நடத்துகிறது. பட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் அதன் அடிப்படை.

இத்துறையில் அதிகம் பேசப்படுவது, 1980-களில் டெபோரா சில்வர்ஸ்டீனும் ஷேரன் கப்லானும் முன்வைத்த ஏழு விஷயங்கள்: இழப்பு, நிராகரிப்பு, குற்ற உணர்வும் வெட்கமும், துக்கம், அடையாளம், நெருக்கம், தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்ற உணர்வு. ஆராய்ச்சியாளர் பாலின் பாஸ் ‘தெளிவில்லாத இழப்பு’ என்று ஒன்றைச் சொல்கிறார். பெற்ற அம்மா உயிரோடு இருக்காங்களா, இல்லையா? தெரியாத ஒருவருக்காக எப்படி அழுவது, எப்போது நிறுத்துவது? சாவு வீடு இல்லை, கருமாதி இல்லை, துக்கம் விசாரிக்க ஆளும் இல்லை.

பயிற்சி இல்லாதவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குவார்கள். ஒன்று, தத்து விஷயத்தைக் கேட்காமலே விடுவது. இன்னொன்று, வந்தவரின் தலைவலி, வேலைப் பிரச்சினை, விவாகரத்து எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுவது. தத்துப் போன எல்லோருக்கும் சிகிச்சை தேவை என்பதும் கிடையாது. பலர் நன்றாகவே வாழ்கிறார்கள்.

நம்ம ஊரில் மூன்றாவது சறுக்கல் ஒன்று இருக்கிறது. “எடுத்து வளர்த்தாங்களே, நன்றியோட இருக்க வேணாமா?” வளர்த்தவர்கள் மேல் உயிரையே வைத்திருப்பவருக்கும் பெற்றவர் யார் என்ற கேள்வி வரும். இரண்டும் ஒரே மனசில் இருக்கலாம். இந்த வாக்கியம் அவரை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அவர் வாயை மூடிக்கொள்வார். அதேபோல, “போய்த் தேடுங்க” என்று தள்ளுவதும் கவுன்சலரின் வேலை இல்லை. தேடுவதா, எப்போது, வளர்த்த அம்மா இருக்கும்போதா என்பதெல்லாம் வந்தவர் எடுக்க வேண்டிய முடிவு.

யாரிடம் போவது?

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர்கள் சட்டப்படி, கவுன்சலராக வேலை செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த எண், அவருக்குத் தத்து விஷயம் பரிச்சயம் என்று உத்தரவாதம் தராது. அதனால் முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள்: தத்தெடுக்கப்பட்ட, வளர்ந்த ஆட்களோடு வேலை செய்திருக்கீங்களா? இதற்கென்று ஏதாவது படிச்சிருக்கீங்களா? தமிழில் பேசலாமா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ‘பெத்த அம்மா’, ‘வளர்த்த அம்மா’ என்ற சொற்களை மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லும்போது பாதி கனம் காணாமல் போய்விடுகிறது.

“இல்லை, ஆனா கத்துக்கத் தயார்” என்று சொல்பவரிடம் தாராளமாக உட்காரலாம். “அதெல்லாம் ஒரு விஷயமா?” என்று சிரிப்பவராக இருந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை வேறு ஆளிடம் போடுங்கள்.