மரம் எந்த வெளிச்சத்தை விழுங்கும்?

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்து, காய்ந்த சருகைப் புகைய வைத்திருக்கிறீர்களா? அந்த விளையாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. 10 செ.மீ. அகலக் கண்ணாடி அதில் ஏறக்குறைய 8 வாட்டை வாங்கி, 20 செ.மீ. தள்ளி ஒரு பொட்டாகக் குவிக்கும் என்று வையுங்கள். அந்தப் பொட்டு உண்மையில் சூரியனின் குட்டிப் படம். எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் அந்தக் கண்ணாடியால் அதைச் சுமார் 2 மி.மீ.க்குக் கீழே சுருக்க முடியாது.

லேசர் ஒளி வேறு மாதிரி. ஒரே நிறம், ஒரே திசை, கட்டுக்கோப்பான வரிசை. அதனால் அதை 0.2 மி.மீ. பொட்டாகக் குவிக்கலாம். 40 வாட் லேசரை அப்படிக் குவித்தால், பூதக்கண்ணாடிப் பொட்டைவிட ஏறக்குறைய 500 மடங்கு செறிவு கிடைக்கும். அதன் அடியில் சிக்கிய மரம் கண்ணிமைக்கும் நேரத்தில் புகையாகிவிடும். ரம்பம் அறுத்தால் மரத்தூள் கொட்டும். லேசர் வெட்டினால் புகைதான். வெட்டின் ஓரத்தில் கறுப்பாக ஒட்டியிருப்பது அடுப்பில் மிஞ்சுகிற அதே கரி.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மெல்லிய பலகையில் மயில்தோகை அறுக்கும் ஆசாரி, பலகையை இறுக்கிப் பிடித்தாக வேண்டும். ரம்பம் இழுக்கும் இழுப்பில் தோகையின் நுனி உடையலாம். வெளிச்சம் மரத்தைத் தள்ளாது, இழுக்காது. நூல்போன்ற நுனிகூட முறியாமல் நிற்கும்.

சரி, உங்கள் பள்ளிக்கு ஒரு லேசர் கட்டிங் மெஷின் வாங்கப்போகிறார்கள் என்று வையுங்கள். எத்தனை வாட் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நீங்கள் கேளுங்கள்: "இது என்ன நிற வெளிச்சம்?" பட்டுத் திரும்பும் ஒளி எதையும் வெட்டாது. ஊடுருவிப் போகும் ஒளியும் வெட்டாது. பொருள் விழுங்கிக்கொள்ளும் ஒளிதான் வெப்பமாகும்.

விலை குறைந்த சின்ன மெஷின்களில் இருப்பது டயோடு லேசர். பெரும்பாலும் நீல ஒளி, அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். கருத்த மரம் அதை நன்றாக விழுங்கும். வெளிர்மரம் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். நிறமற்ற அக்ரிலிக் தகட்டை வைத்தால், வெயில் ஜன்னல் கண்ணாடியைக் கடப்பதுபோல் நீல ஒளி கடந்துபோகும், தகட்டில் ஒரு கோடும் விழாது.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு லேசர். நாம் மூச்சில் வெளிவிடும் அதே வாயு! ஒரு குழாயில் அதனுடன் நைட்ரஜனும் ஹீலியமும் கலந்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மின்சாரம் நைட்ரஜன் மூலக்கூறுகளை அதிரவைக்கும். அவை கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளின்மேல் மோதி அந்த அதிர்வைக் கைமாற்றும். வாங்கிக்கொண்ட மூலக்கூறு அதில் ஒரு பகுதியை ஒளியாக வெளிவிடும். அந்த ஒளி 10,600 நானோமீட்டர். நம் கண்ணுக்கு எட்டுவதோ சுமார் 400 முதல் 700 வரைதான், ஆகவே அது தெரியாது. மரம் வெளிர்நிறமானாலும் கருநிறமானாலும் விழுங்கிவிடும். நிறமற்ற அக்ரிலிக்கும் விழுங்கும். ஏன், சாதாரணக் கண்ணாடியே விழுங்கிவிடும்! அதனால் இந்த மெஷினின் லென்ஸைக் கண்ணாடியில் செய்வதில்லை. துத்தநாக செலினைடு என்ற மஞ்சள்நிறப் பொருளில் செய்கிறார்கள்.

கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்தவர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1964இல் இதை உருவாக்கினார். உலகின் முதல் லேசரை மெய்மன் 1960 மே 16 அன்று ஒளிரச் செய்து 4 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

மரமும் அக்ரிலிக்கும் வெட்டும் பள்ளிக்கு மூடி போட்ட கார்பன் டை ஆக்சைடு மெஷினையே நான் சொல்வேன். அதன் ஒளியை மூடியின் அக்ரிலிக்கே தடுத்துவிடும். நாம் உள்ளே பார்க்கலாம். நீல லேசர் அப்படியல்ல. அது கண்ணுக்குள் புகுந்தால் கண்ணின் லென்ஸே அதை விழித்திரையில் குவித்துச் சுட்டுவிடும். அதற்கென்றே செய்த கண்ணாடி போடாமல் அதன் பக்கம் போகக்கூடாது.

வாட் கணக்கிலும் ஒரு எச்சரிக்கை. சில டயோடு மெஷின்களின் பெட்டியில் மின்சாரம் எத்தனை வாட் இழுக்கும் என்பதைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது வெளியே வரும் ஒளியின் வாட்.

இனி வெட்டுவோம். பலகைகளைப் பல்லும் பள்ளமுமாகக் கோத்து ஒரு பெட்டி செய்கிறோம் என்று வையுங்கள். லேசருக்கும் அகலம் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெட்டு 0.2 மி.மீ. அகலம் என்றால், 20 மி.மீ. என்று வரைந்த பல் 19.8 ஆகக் கிடைக்கும். அது உட்கார வேண்டிய 20 மி.மீ. பள்ளம் 20.2 ஆகிவிடும். இடையில் 0.4 மி.மீ. இடைவெளி, பெட்டி லொடலொடவென்று ஆடும். பல்லை 20.2 என்றும் பள்ளத்தை 19.8 என்றும் வரையுங்கள், இரண்டும் 20க்கு வந்து கச்சிதமாகப் பொருந்தும். 3 மி.மீ. பிளைவுட் என்று விற்பதையும் நம்பாமல் வெர்னியர் அளவியால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் கூடவோ குறையவோதான் இருக்கும்.

முதலில் ஒரு கழிவுத் துண்டில் வெட்டிப் பாருங்கள். பொட்டு மெதுவாக நகர்ந்தால் ஓரம் கருகும், வேகமாக நகர்ந்தால் அடிவரை அறுபடாது. ஒரே பிளைவுட்டில்கூடப் பசை தடித்த இடத்தில் ஒளி தடுமாறும். வெட்டும் இடத்தில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் புகை விலகும், சுடர் எழுவது குறையும். அந்தப் புகை குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும்.

பி.வி.சி. தகட்டை மட்டும் ஒருபோதும் உள்ளே வைக்காதீர்கள். சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். அது நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும். என்ன பொருள் என்று தெரியாத பிளாஸ்டிக்கும் வேண்டாம்.

மெஷின் ஓடும்போது "இதோ வந்துவிடுகிறேன்" என்று யாரும் நகரக்கூடாது. மரத்தில் தீப்பிடிக்க ஒரு நிமிடம் போதும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆசிரியரோ வேறு பெரியவரோ பக்கத்தில் நிற்காமல் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள்.