கேரி போடாத ஆறாவது பத்தி

ஜெபக்குறிப்பு என்றால் எங்கள் வீட்டில் நாலாக மடித்த ஒரு தாள். வசனக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கும். திங்கள் ஒரு நாடு, செவ்வாய் ஒரு நாடு. மக்கள்தொகை இவ்வளவு, கிறிஸ்தவர் இத்தனை சதவீதம், வேதாகமம் உண்டா இல்லையா. ராத்திரி ஜெபத்தில் அம்மா அதை வாசிக்கும்போது எண்களைத் தாண்டிவிடுவார், நாட்டின் பெயர் மட்டும் அவருக்குப் போதும். எனக்கோ எண்கள்தான் வேண்டும். கண்ணை மூடச் சொன்ன நேரத்தில் எத்தனை கோடியில் எத்தனை சதவீதம் என்று வகுத்துக்கொண்டிருந்த பையன் நான்.

அந்தத் தாளுக்கு ஒரு பாட்டன் உண்டு. 1792இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஆன் ஐர்லாண்ட் என்ற அம்மையார் அச்சிட்டு விற்ற புத்தகம். 87 பக்கம், விலை 1 ஷில்லிங் 6 பென்ஸ். எழுதியவர் வில்லியம் கேரி, வயது 30, செருப்புத் தைத்துப் பிழைத்துப் பிறகு பாப்திஸ்து சபைப் போதகரானவர். ‘ஓர் விசாரணை’ என்று தொடங்கி மூச்சு முட்டுகிற அளவுக்கு நீளும் தலைப்பு. புத்தகத்தின் நடுவில் பக்கம் பக்கமாகப் பட்டியல். அதில் ஐந்து பத்திகள்: நாடு, நீளம் எத்தனை மைல், அகலம் எத்தனை மைல், மக்கள் எத்தனை பேர், மதம் என்ன.

இந்துஸ்தான்: நீளம் 2,000, அகலம் 1,500, மக்கள் 11 கோடி. இலங்கை: நீளம் 250, அகலம் 200, மக்கள் 20 லட்சம். சீனா: 6 கோடி. எல்லா நாட்டையும் கூட்டி உலகத்துக்கே மொத்தம் போடுகிறார், 73.1 கோடி. அதில் ‘புறஜாதியார்’ 42 கோடி, முகமதியர் 13 கோடி, கத்தோலிக்கர் 10 கோடி, புராட்டஸ்டண்டுகள் 4.4 கோடி, கிரேக்க, ஆர்மீனியச் சபையார் 3 கோடி, யூதர் 70 லட்சம். நான் கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது.

கூட்டல் சரி, உள்ளே போட்ட எண் எல்லாம் சரியில்லை. அந்தக் காலத்தில் சீனாவில் ஏறத்தாழ 30 கோடிப் பேர் இருந்தார்கள். கேரி 24 கோடிப் பேரை விட்டுவிட்டார். குறை சொல்ல மனம் வரவில்லை. பிரிட்டனிலேயே முதல் மக்கள்தொகைக் கணக்கு 1801இல்தான் எடுக்கப்பட்டது. கேரிக்குக் கிடைத்தவை கேப்டன் குக்கின் பயண நூல்கள், நிலவியல் புத்தகங்கள், சுவரில் ஒட்டிய ஒரு வரைபடம். பல தாள்களை ஒட்டிச் சேர்த்து, ஒவ்வொரு நாட்டின் மேலும் பேனாவால் மக்கள்தொகையையும் மதத்தையும் எழுதி வைத்திருந்தார். அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போன நண்பர் ஆண்ட்ரூ ஃபுல்லர் அதைப் பார்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார். தோலும் ஊசியும் கீழே, உலகம் மேலே.

ஜெபம் கணக்கை முந்திக்கொண்டது. 1784இல் நார்தாம்ப்டன் வட்டாரச் சபைகள் நாட்டிங்காமில் கூடியபோது ஜான் சட்கிளிஃப் ஒரு வேண்டுகோள் வைத்தார்: மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை ஒரு மணி நேரம், உலகமெங்கும் சுவிசேஷம் பரவ எல்லாச் சபைகளும் ஜெபிக்க வேண்டும். அதிலிருந்து 1792 அக்டோபர் வரை எண்ணினால் ஏறக்குறைய 100 திங்கட்கிழமைகள். தவறாமல் வந்தவர் கணக்கில் 100 மணி நேர முழங்கால். அதன் பிறகுதான் மிஷனுக்கு முதல் காசு விழுந்தது.

அந்தக் காசு விழுந்த இடமும் தேதியும் துல்லியமாகத் தெரியும். 1792 அக்டோபர் 2, கெட்டரிங் ஊரில் வாலிஸ் என்ற விதவையின் வீடு. கணக்கில் 13 பேர். ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பாவில் வாக்குறுதிச் சீட்டுகளைப் போட்டார்கள் என்று கதை சொல்லப்படுகிறது. இரண்டு பேர் ஆளுக்கு 2 கினியா, ஆறு பேர் ஆளுக்கு 1 கினியா, ஐந்து பேர் ஆளுக்கு அரை கினியா. மொத்தம் 12½ கினியா. ஒரு கினியாவுக்கு 21 ஷில்லிங், ஆக 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அரை கினியா போட்ட ஒருவர் பெயர் எழுதவில்லை. பட்டியலில் கேரியின் பெயரும் இல்லை. இத்தனை பேரைக் கிளப்பிவிட்டவரின் சட்டைப்பையில் அரை கினியாகூட இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

42 கோடிப் பேருக்கு 13 பவுண்டு. வகுத்துப் பார்ப்பது வீண் வேலை. ஆனால் கேரி புத்தகத்திலேயே வழி சொல்லியிருந்தார்: சபையில் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னியாவது எடுத்து வைக்கலாம். அடிமைகளைக் கொண்டு விளைவித்தது என்று மேற்கிந்தியச் சர்க்கரையை அப்போது பல குடும்பங்கள் கைவிட்டிருந்தன. அந்த வீடுகளில் வாரம் 6 பென்ஸ், 1 ஷில்லிங் மிச்சமாகிறதே, அதைக் கொடுங்கள் என்று கேட்டார். தேநீரில் சர்க்கரை போடாத காசில் கப்பல் ஏற நினைத்தவர் வேறு யாரும் என் கண்ணில் பட்டதில்லை.

சில வாரங்களில் பர்மிங்காமிலிருந்து சாமுவேல் பியர்ஸ் 70 பவுண்டு திரட்டிக்கொண்டு வந்தார். இனிச் செலவுப் பக்கம்.

1793இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அனுமதி இல்லாததால், வங்காளத்துக்குப் புறப்பட்ட கேரியை ஆங்கிலக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். கிடைத்தது டென்மார்க் கப்பல், ‘க்ரோன் பிரின்செஸ்ஸா மரியா’. பெரியவருக்கு 100 பவுண்டு, குழந்தைக்கு 50, வேலைக்காரருக்கு 25. காசு எட்டவில்லை. கேரியுடன் புறப்பட்ட மருத்துவர் ஜான் தாமசும், கேரி மனைவியின் தங்கை கிட்டியும் வேலைக்காரக் கணக்கில் ஏறிக்கொண்டார்கள். வங்காளத்தில் ஏற்கெனவே வைத்தியம் பார்த்தவர், வேலையாள் டிக்கெட்டில் போனார்.

மனைவி டாரத்திக்குப் போகவே மனமில்லை. திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்ட பெண் அவர். மே மாதம்தான் நான்காவது மகன் ஜாபெஸ் பிறந்திருந்தான். தங்கை கூட வந்தால் வருகிறேன் என்று கடைசி நேரத்தில் சம்மதித்தார். ஜூன் 13 டோவரில் புறப்பட்டு நவம்பர் 11 கல்கத்தா. 151 நாள், கைக்குழந்தையோடு.

ஐந்து பத்திகள் போட்டவர் ஆறாவதாக ஒன்று போடவில்லை: என்ன விலை ஆகும்? மிஷனெரிக்கு ஒன்றிரண்டு பசு, ஒரு காளை, கொஞ்சம் விதைத் தானியம், கத்தி, துப்பாக்கி மருந்து, தூண்டில் சாமான் இருந்தால் சமாளித்துவிடலாம் என்று புத்தகத்தில் எழுதியதோடு சரி. பத்தியை நிரப்பியது வங்காளம்.

1794: மகன் பீட்டர், வயது 5, சீதபேதியில் இறந்தான். டாரத்தியின் மனம் பேதலித்தது. 1807இல் இறக்கும்வரை தெளியவே இல்லை. கேரி மட்னாபதியில் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்த்தார், மாதம் 200 ரூபாய். வந்து இறங்கியதிலிருந்து முதல் வங்காளி ஞானஸ்நானம் பெற ஆன காலம் 7 ஆண்டு, 1 மாதம், 17 நாள். 1800 டிசம்பர் 28 அன்று ஹூக்ளி ஆற்றில் இறங்கியவர் கிருஷ்ண பால், தச்சர். தோள் மூட்டு விலகிப்போய் வைத்தியத்துக்கு வந்தவர், அதைச் சரிசெய்தவர் தாமஸ். ஏழு வருடம் காத்திருந்து வந்த அந்த நேரத்தில் தாமஸ் சந்தோஷத்திலேயே புத்தி தடுமாறி அடைக்கப்பட்டிருந்தார், டாரத்தி இன்னொரு அறையில். ஆற்றங்கரையில் பாட்டு, பின்னால் இரண்டு பூட்டிய கதவு. அறிக்கைகளில் ‘முதற்கனி 1’ என்று வரும் எண்ணுக்கு எதிரே இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

செராம்பூர் கணக்கு கொஞ்சம் தெம்பு தருவது. அதுவும் தரங்கம்பாடியைப் போல டென்மார்க்கின் கொடி பறந்த ஊர், அதனால்தான் கம்பெனி கை வைக்க முடியவில்லை. கேரியும் உடன் மிஷனெரிகளும் அங்கே 6,000 ரூபாய்க்கு வீடு வாங்கினார்கள். 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு 2,000 பிரதி, செலவு 612 பவுண்டு. பிரதிக்கு 6 ஷில்லிங்குக்குச் சற்று மேல், அதாவது கேரியின் சொந்தப் புத்தகத்தின் விலையைப்போல் நான்கு மடங்கு. கெட்டரிங் வாக்குறுதியைப்போல் 46 மடங்குக்கு மேல். (தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இலேயே அச்சாகிவிட்டது, 86 வருடம் முந்தி. மிஷனெரி சீகன்பால்கு அங்கே போன கதையைக் கேரியே தன் புத்தகத்தில் குறித்திருக்கிறார்.)

அதே ஆண்டு வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளம் கற்பிக்க அவருக்கு மாதம் 500 ரூபாய் சம்பளம் கிடைத்தது. 1807இல் 1,000 ஆனது. வீட்டுக்கு எடுத்துக்கொண்டது 40. கல்லூரிக்கும் கவர்னர் மாளிகைக்கும் போக நல்ல உடுப்பு வேண்டுமே என்று இன்னொரு 20. உடன் மிஷனெரி மார்ஷ்மன் குடும்பத்துக்கு 34, அச்சகத்தை நடத்திய வார்டுக்கு 20. மீதி எல்லாம் பொதுப் பெட்டிக்கு. மிஷன் வரலாற்றில் எனக்குப் பிடித்த எண் இந்த 20தான். எவ்வளவு ஒடுங்கி வாழ்ந்தாலும் கோட்டு கிழிந்திருக்கக் கூடாது என்று மூன்று பேர் உட்கார்ந்து பேசித் தீர்மானித்திருக்கிறார்கள் பாருங்கள்!

1812 மார்ச் 11 மாலை அச்சகத்தில் தீ. இங்கிலாந்துத் தாள் 1,000 ரீமுக்கு மேல், பல மொழி எழுத்துகள், கையெழுத்துப் படிகள், அகராதி வேலை எல்லாம் சாம்பல். உருகிய ஈயத்தில் தமிழ் எழுத்தும் உண்டு. எழுத்து வார்க்கும் அச்சுகளும் ஐந்து அச்சு இயந்திரங்களும் தப்பியதால், வார்டு சாம்பலைக் கிளறி உலோகத்தை எடுத்து மறுபடியும் வார்க்க வைத்தார். செய்தி போன சுமார் 2 மாதத்தில் இங்கிலாந்தில் 10,000 பவுண்டு சேர்ந்தது. போதும், நிறுத்துங்கள் என்று மிஷன் செயலாளர் ஃபுல்லர் சொல்ல வேண்டியதாயிற்று. காணிக்கை போதும் என்று ஒரு செயலாளர் சொன்னதை நம் தலைமுறை கேட்டதில்லை. மறு ஆண்டே ஃபப்ரிசியஸ் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு செராம்பூரில் 5,000 பிரதி அச்சாகி வந்தது.

தாளுக்கு எதிரி தீ மட்டுமல்ல, கரையானும்தான். பூச்சி அரிக்காத தாளைத் தாங்களே செய்ய 1820இல் 12 குதிரைத்திறன் நீராவி எந்திரம் ஒன்றை இங்கிலாந்திலிருந்து இறக்கினார்கள். 1832 வரை அந்த அச்சகம் வெளியிட்ட வேதப் புத்தகங்கள் 40 மொழிகளில் 2,12,000 பிரதி. சில மொழிபெயர்ப்புகள் அவசரத்தில் செய்தவை, நிலைக்கவில்லை. அந்த எண்ணைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வரவுப் பக்கத்தில் நம் ஊர் வருவது 1903இல். பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. தமிழ்க் காசில், நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்குத் தமிழ் மிஷனெரி போனார். 1905 டிசம்பர் 25இல் வி. எஸ். அசரியாவும் கே. டி. பாலும் மற்றவர்களும் தேசிய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்க உட்கார்ந்த அறை செராம்பூரில் கேரியின் நூலகம். கெட்டரிங் டப்பாவுக்கு இங்கே உலைப்பானை. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். மிசோரம் சபைகளில் இன்றும் அது பெரிய வருமானம். எங்கள் பக்கம் அறுப்பின் பண்டிகை ஏலம். ஒரு வருடம் சேவல் ஒன்றை எடுத்தவர் திரும்பச் சபைக்கே கொடுத்தார். மறுபடியும் ஏலம், மறுபடியும் கொடை. மூன்றாவது முறை ஏலம் கேட்கும்போது சேவல் களைத்துப்போய் ஏலக்காரர் அக்குளிலேயே தூங்கிவிட்டது. பொருளாளர் நோட்டில் ஒரே சேவல் மூன்று வரியில் வரவு.

இன்றைய தாளை எடுத்தால் கேரியின் நான்காம், ஐந்தாம் பத்திகள் இன்னும் தகராறில்தான் இருக்கின்றன. பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கில் கிறிஸ்தவர் 230 கோடி, உலகில் 28.8 சதவீதம், 2010இல் இது 30.6. அமெரிக்காவின் உலகக் கிறிஸ்தவ ஆய்வு மையம் அதே ஆண்டுக்குப் போடுவதோ சுமார் 250 கோடி. நடுவே சுமார் 20 கோடி, கேரி விட்ட சீனாவை நெருங்கும் ஓட்டை. பியூ ஒவ்வொருவரும் தன்னை என்னவென்று சொல்கிறார் என்று எண்ணுகிறது, மற்ற மையம் சபைகளின் உறுப்பினர் பதிவேட்டைப் பெரிதும் நம்புகிறது. ஞானஸ்நானம் எடுத்துப் பெயர் எழுதிவிட்டு வராதவர் இரண்டுக்கும் நடுவே விழுகிறார். இடமும் மாறிவிட்டது. பியூ கணக்கில் உலகக் கிறிஸ்தவரில் 30.7 சதவீதம் சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில், 22.3 ஐரோப்பாவில். கெட்டரிங் இருக்கும் கண்டம் இன்று ஜெபக்குறிப்பில் ‘தேவையுள்ள நாடுகள்’ பக்கத்தில் வருகிறது.

மொழிக் கணக்கு, 2024: உலகில் 7,396 மொழி, முழு வேதாகமம் 756இல், புதிய ஏற்பாடு மட்டும் 1,726இல், சில பகுதிகள் 1,274இல். கூட்டினால் 3,756. பாதி தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கேரி 1834 ஜூன் 9 அன்று செராம்பூரில் இறந்தார். வந்த பிறகு ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. உயிலில், செராம்பூர் மிஷன் நிலங்களில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று எழுதினார். சேகரித்த தாதுப்பொருட்களும் சிப்பிகளும் கல்லூரிக்கு. கையில் பணம் இல்லாததால், நூலகத்தை ஏலம் விட்டு, வரும் தொகையிலிருந்து 1,500 ரூபாயை மகன் ஜாபெசுக்குக் கொடுக்கச் சொன்னார். 1793இல் கப்பலில் கைக்குழந்தையாக வந்தவர்.